அரை விரல் சோப்பு

எங்கள் வீட்டில் காலை ஏழு மணிக்குக் குளியலறைக் கதவு சாத்தினால் ஏழரைக்குத்தான் திறக்கும். உள்ளே என் வீட்டுக்காரர் சவரம் செய்கிறார். ஊர் உலகமெல்லாம் டப்பாவை அழுத்தி நுரையை அப்பிக்கொண்டு ஐந்தே நிமிஷத்தில் வெளியே வருகிறது. இவருக்கு மட்டும் கல் மாதிரி ஒரு வட்டச் சோப்பு, ஒரு பிரஷ், ஒரு குவளை வெந்நீர். பிரஷை ஊறவைத்துப் பிழிந்து, இரண்டு உதறு உதறி, சோப்பின் மேல் வைத்துச் சுற்றுவார். நாற்பது சுற்று. ஒன்று குறையாது, ஒன்று கூடாது. நான் துண்டும் கையுமாக வெளியே நின்று, "இன்னும் எத்தனை?" என்று கத்துவேன். "பதினேழு" என்று பதில் வரும். வீடு தீப்பிடித்தாலும் அந்தப் பதினேழை முடித்துவிட்டுத்தான் வருவார்.

நான் பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்கார்ந்திருப்பவள். பயந்துகொண்டு வருகிறவர்களிடம் நயமாகப் பேசி நாற்காலியில் ஏற்றுவதுதான் என் வேலை. "இந்தப் பல்லைப் பார்த்தா அறுபது வயசுன்னு யார் சார் நம்புவாங்க?" என்று சோப்பு போட்டே சம்பளம் வாங்குகிறேன். இவரோ தராசு ரிப்பேர்காரர். கடை கடையாகப் போய், தப்பாக எடை காட்டும் மெஷின்களை எடைக்கல் வைத்துச் சரிசெய்பவர். பேச்சையும் அப்படித்தான் நிறுத்துப் போடுவார். புதுசாக உடுத்திக்கொண்டு, "எப்படி இருக்கேன்?" என்று ஆசையாகக் கேட்டால், "போன மாசத்தைவிட ரெண்டு கிலோ கூட" என்பார். இந்த மனுஷரோடு பதினோரு வருஷம் குடும்பம் நடத்தியதற்கு எனக்கு யாராவது சிலை வைக்க வேண்டும்.

அந்த நாக்கு என் அப்பாவிடமும் வேலையைக் காட்டியது. இவர் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது, அப்பா முன்னறையின் நடுவில் இவரை நிறுத்திவைத்து, "நானே பக்கத்துல நின்னு கட்டின வீடு. எப்படி இருக்கு?" என்று கேட்டார். இவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "வலது பக்கச் சுவர் ஒரு விரல் சாய்ஞ்சிருக்கு" என்றார். முடிந்தது கதை. அன்றைக்கு மூடிய வாயை அப்பா இவரிடம் திறக்கவேயில்லை. மாப்பிள்ளை என்றுகூடச் சொல்ல மாட்டார். "உன் தராசு சாப்பிட்டாச்சா?" என்று என்னிடம்தான் கேட்பார்.

போன மாதம் அப்பா அடுப்படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அம்மா போன பிறகு அந்த வீட்டில் அவர் தனிதான். காலையில் விழுந்தவரைச் சாயங்காலம்தான் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார். அத்தனை நேரமும் தரையிலேயே கிடந்திருக்கிறார். கட்டுப் போட்ட கையோடு எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

மூன்று வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். மீசையை மட்டும் விட்டுவிட்டு முகத்தை வழவழவென்று வைத்துக்கொள்ளாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. இடது கையால் சவரம் செய்யப்போய்க் கன்னத்தைக் கிழித்துக்கொண்டார். அப்புறம் தாடிதான். சலூனுக்குப் போகலாம் என்றால், "இந்தக் கோலத்துல தெருவுல இறங்க மாட்டேன்." நான் செய்கிறேன் என்றால், "உனக்குக் கையைவிட வாய் வேகமா ஓடும். வேண்டாம்மா, கழுத்து என்னோடது." கடைசியில் ஒரே பிடியாகச் சொல்லிவிட்டார்: "ஞாயித்துக்கிழமை கிளம்புறேன். பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுல எனக்கென்ன வேலை?" ஒற்றைக் கையோடு, அதே அடுப்படிக்கு!

சனிக்கிழமை சாயங்காலம் இவர் சாப்பாட்டு மேஜையில் ஒரு தராசைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, உலகத்தில் ஒன்றுமே நடக்காதது போல உட்கார்ந்திருந்தார். எனக்கு வந்ததே கோபம்.

"என்னங்க, நாளைக்கு அப்பா போயிடுவார். நீங்க அவருக்குக் கொஞ்சம் சோப்பு போட்டா என்ன குறைஞ்சிடும்?"

இவர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். "நானா?"

"பின்னே, பக்கத்து வீட்டுக்காரரா?"

"எப்போ?"

"காலையில, அவர் கிளம்பறதுக்கு முன்னாடி. ஏனோதானோன்னு வேண்டாம், நல்லா நுரைக்க நுரைக்கப் போடுங்க."

"அவர் ஒத்துக்கணுமே."

"சோப்பு போட்டா வேணாம்னு சொன்னவங்க இந்த உலகத்துல யாரு?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி" என்றார். இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். மக்கு மாதிரி சந்தோஷப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. அப்பா பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு நாற்காலியில் உர்ரென்று உட்கார்ந்திருந்தார். இவர் வந்தார். தோளில் துண்டு, ஒரு கையில் வெந்நீர்க் குவளை, இன்னொரு கையில் சோப்புக் கிண்ணம், அதற்குள் பிரஷ். சட்டைப் பையில் கத்தரிக்கோலும் ரேசரும். நான் தலையில் கையை வைத்துக்கொண்டேன்.

"என்ன இது?" பதினோரு வருஷத்தில் அப்பா இவரிடம் பேசிய முதல் பேச்சு.

"உங்களுக்குச் சோப்பு போடச் சொன்னா, மாமா."

"யாரு?"

இவர் என்னைக் காட்டினார். பாவி மனுஷர், விரலை நீட்டியே காட்டினார்!

அப்பாவுக்கா புரியாது? டிக்கெட் இல்லாதவன் முழிக்கிற முழியைக் காலமெல்லாம் பார்த்தவர். என் முழியைப் பார்த்தார். இவர் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தார். தாடிக்குள் உதடு லேசாக அசைந்தது.

"ஓகோ, அப்படியா சொன்னா? சரி, போடுங்க. எப்படித்தான் போடுறீங்கன்னு பார்த்துடுவோம்."

இவர் முதலில் கத்தரிக்கோலால் தாடியைக் குறைத்தார். பிறகு பிரஷைப் பிழிந்து, உதறி, சுற்ற ஆரம்பித்தார். பத்துச் சுற்றில் நுரை பொங்கியது.

"அதான் வந்திடுச்சே, பூசுங்க" என்றார் அப்பா.

"இது வெறும் காத்து, மாமா. பூசினா ரெண்டு நிமிஷத்துல காஞ்சிடும், பிளேடு இழுக்கும். இன்னும் சுத்தினா இந்தக் குமிழெல்லாம் அடங்கி களிம்பு மாதிரி வரும். அதுதான் நிக்கும்."

ஒரே மூச்சில் இத்தனை வார்த்தைகள்! எனக்கென்றால் அதை ஒரு வாரத்துக்குப் பிரித்துக் கொடுப்பார். அப்பா எட்டிக் கிண்ணத்துக்குள் பார்த்தார். இருபத்தைந்திலிருந்து அவரும் சேர்ந்து எண்ண ஆரம்பித்துவிட்டார். "முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது, போதும்!"

பிரஷில் கெட்டியாகக் களிம்பு ஏறியிருந்தது. நனைத்த முகத்தில் அதை வைத்துத் தேய்த்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்தார். எது தாடி, எது நுரை என்று தெரியவில்லை. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். இவர் ஒரு விரலால் மோவாயைத் தொட்டதும், மறுபேச்சில்லாமல் கழுத்தைத் தூக்கிக் கொடுத்தார். நான் வெந்நீர்க் குவளையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எல்லாம் முடிந்து முகத்தைத் துடைத்துக் கண்ணாடியை நீட்டினார். அப்பா இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துவிட்டு, வேண்டுமென்றே கேட்டார்: "எப்படி இருக்கேன்?"

கடவுளே, ஒரே ஒரு பொய் சொல்ல வையேன் என்று வேண்டிக்கொண்டேன். இவர் ஒரு கண்ணை மூடினார்.

"இடது பக்க மீசை ஒரு நூல் இறங்கியிருக்கு."

போச்சு! அப்பா கண்ணாடியைக் கிட்டத்தில் கொண்டுபோய் மீசையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஆமா. சரி பண்ணுங்க."

இவர் சரி பண்ணினார். அப்பா கன்னத்தைத் தடவிக்கொண்டே, "நாளைக்கும் போடுவீங்களா?" என்றார்.

"நாளைக்கு வேண்டாம், மாமா. தோல் மெலிசா இருக்கு. செவ்வாய்க்கிழமை போடலாம்."

"சரி, செவ்வாய்க்கிழமை." அப்பா கண்ணாடியைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். "மாப்பிள்ளை, அந்தச் சுவர் ஒரு விரல் இல்ல. ஒண்ணரை விரல். நீங்க சொன்ன மறுநாளே தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன்."

இவர் பிரஷை அலசிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவேயில்லை.

"தெரியும், மாமா. ஒண்ணரைதான். முதல் தடவை வந்த வீடாச்சேன்னு அரை விரல் குறைச்சுச் சொன்னேன்."

"அடேயப்பா!" என்று அப்பா போட்ட சத்தத்தில் குவளை என் கையிலிருந்து நழுவப் பார்த்தது. "கேட்டியாம்மா? அன்னைக்கே எனக்கு அரை விரல் சோப்பு போட்டிருக்கார்!"

நான் வாசலுக்குப் போய்ப் பையைத் தூக்கிக்கொண்டு வந்து உள்ளே வைத்தேன்.