இரண்டு முறை கழித்த ஒரு விரல்

போன வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: மே மாதத் தேர்த் திருநாளுக்குப் பொம்மிடிப் பக்கம் வருகிறோம், அப்படியே மாரண்டஹள்ளி வரை ஒரு சுற்றுப் போய் வரலாமா என்று. தாராளமாகப் போங்கள். அந்தப் பாதையில் நான் முதல் தடவை போனது 1972 ஏப்ரல் கடைசியில். என்னோடு வந்தவை இரண்டு: என் அண்ணன் சூசை, ஒரு தேர்ச் சக்கரம். இரண்டில் சக்கரம்தான் தொந்தரவு தராமல் வந்தது.

பொம்மிடிக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊர் மாதா கோவில் தேருக்கு நான்கு மரச் சக்கரங்கள். முந்தின வருஷத் திருநாளன்று ஒரு சக்கரத்தின் இரும்புப் பட்டை நடுத்தெருவில் வெடித்துக் கழன்றுவிட்டது. மாதா சுரூபத்தை இறக்கித் தோளில் சுமந்து கோவில் சேர்த்தோம். வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து ஊர்க்காரர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. அண்ணன் சும்மா இருப்பானா? ஊர்க் கூட்டத்தில் எழுந்து, அடுத்த வருஷம் தேர் ஓடும், ஓடாவிட்டால் இனி வடத்தைத் தொடவே மாட்டேன் என்று சொல்லிவிட்டான். சின்ன வயதிலிருந்து சோற்றைவிட அந்த வடத்தின் மேல் ஆசை அவனுக்கு. வாய் முந்திக்கொண்டது, வேறென்ன.

எங்கள் ஊர்ப் பட்டறையில் ஏர்க்கொழுவும் அரிவாளும் அடிப்பார்கள். தேர்ப்பட்டை என்றால் மாரண்டஹள்ளி வீராச்சாரிதான். மற்ற மூன்று சக்கரங்களின் பட்டைகளும் அவர் கைதான். ஆகவே எங்கள் தச்சர் சக்கரத்தைச் சுற்றிக் கயிற்றால் அளந்து முடிச்சுப் போட்டுத் தர, அதை பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்பினோம். ஒரு மாதத்தில் பதில் வந்தது: பட்டை தயார், சக்கரத்தோடு வாருங்கள். பட்டையைப் பழுக்கக் காய்ச்சி, சூடு ஆறுமுன் சக்கரத்தில் இறக்கித் தண்ணீர் ஊற்ற வேண்டும். அப்போதுதான் இரும்பு சுருங்கி மரத்தைக் கவ்வும். அதனால் சக்கரமும் பயணம் போக வேண்டியதாயிற்று.

தர்மபுரி, பாலக்கோடு என்று பஸ் மாறி மாறி எழுபது கிலோமீட்டர் இருக்கும். விடியற்காலையில் ஏறி, பட்டறையில் இறங்கும்போது வெயில் ஏறிவிட்டது. சக்கரத்தை மேலே ஏற்றிய கண்டக்டர், அதற்கு ஜன்னலோர சீட் வேண்டுமா என்று கேட்டதில் பாலக்கோடு வரை பஸ்ஸே சிரித்தது. அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

வீராச்சாரி கன்னடம் பேசுகிறவர். தமிழும் பேசுவார், பெருமையும் பேசுவார். இந்த ஜில்லாவில் தன் பட்டை கழன்றதாக ஒருவன் சொல்லட்டும், தொழிலை விடுகிறேன் என்றார். எங்கள் பட்டை வெடித்த கதையை அண்ணன் எடுத்ததும், அது வேறு எவனோ போட்டது என்று ஒரே போடாகப் போட்டார். உண்மையும் அதுதான். வட்டமாக வரட்டி அடுக்கித் தீ மூட்டினார். பட்டை சிவந்ததும் அவரும் நாங்களுமாகக் குறடுகளால் தூக்கிச் சக்கரத்தின் மேல் வைத்தோம்.

இறங்கவில்லை.

அடித்து இறக்கினால் மரம் நொறுங்கும். சட்டென்று தூக்கி ஓரமாகப் போட்டார் ஆச்சாரி. அப்புறம் சண்டை. கயிறு தப்பு என்றார் அவர். பட்டை தப்பு என்றான் அண்ணன். கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போனவன் கதைதான், அளவெடுப்பது எப்படி என்று அவருக்கே பாடம் நடத்தினான். திருநாளுக்கு இன்னும் ஐந்து நாள்தான்.

ஆச்சாரியின் மனைவி கெம்பம்மா அதுவரை துருத்தி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சாவகாசமாக அண்ணனிடம் கேட்டார்: "முடிச்சு போடறப்ப உங்க தச்சரு ஒரு விரல் கழிச்சாருங்களா?"

"கழிக்காம வுடுவாருங்களா? பட்டை சக்கரத்தைவுட ஒரு விரல் சின்னதா இருந்தாத்தானே புடிக்கும்," என்றான் அண்ணன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

"இவரும் கழிச்சாருங்க."

ஆச்சாரி தாடியைச் சொறிந்தார். அண்ணன் சக்கரத்தைப் பார்த்தான். நான் சிரித்துவிட்டேன், அடக்க முடியவில்லை.

வழி இருந்தது. பட்டையைத் துண்டு துண்டாகக் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து ஒரு விரல் நீளவைக்க வேண்டும். ஆனால் சம்மட்டி ஆள் ஊருக்குப் போயிருந்தான். அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தான். ஆச்சாரி சின்னச் சுத்தியால் தட்டிக் காட்டுகிற இடத்தில், அதே தாளத்தில் விழ வேண்டும் அடி. அண்ணன் தனக்குத் தோன்றிய இடத்தில் முளைக்குச்சி அடிப்பதுபோல் அடித்தான். மூன்றாவது அடிக்கே கெம்பம்மா சம்மட்டியை வாங்கிக்கொண்டார்.

வெளியாள் முன்னால் மனைவி சம்மட்டி பிடிப்பது ஆச்சாரிக்குப் பிடிக்கவில்லை, முகத்தில் தெரிந்தது. ஆனாலும் இரும்பு காத்திருக்காதே. "ஹொடி" என்றார் கன்னடத்தில். அடித்தார் பாருங்கள் அந்த அம்மாள்! தட்டிய இடத்திலேயே, ஒரு அடி பிசகாமல். மத்தியானம் முழுக்க நான் துருத்தி இழுத்தேன், அண்ணன் தண்ணீர் சுமந்தான். மறுபடி காய்ச்சி வைத்தபோது பட்டை சரியாக இறங்கியது. தண்ணீர் விழுந்ததும் ஆரக்கால்கள் ஒவ்வொன்றாக முறுக்கி இறுகும் சத்தம் கேட்டது. அந்தத் துருத்தியை நானும் இழுத்தேன் என்ற பெருமை எனக்கு இன்றைக்கும் குறையவில்லை.

ஆச்சாரி பட்டையில் தன் அடையாளமாக மூன்று புள்ளி குத்துவார். அன்றும் குத்தினார். பிறகு உளியை மனைவியிடம் நீட்டி, "இது உன் பட்டை, நீயும் ஒண்ணு வை" என்றார். எங்களுக்கும் புரியட்டும் என்றோ என்னவோ, அதைத் தமிழில் சொன்னார். நாலாவது புள்ளி கொஞ்சம் கோணலாக விழுந்தது.

திருநாளுக்கு இருவரும் வந்தார்கள். வடத்தில் முதல் கை அண்ணனுடையது. கூட்டத்தில் அவர்கள் நின்ற இடத்துக்குத் தேர் வந்து நின்றபோது, கெம்பம்மா குனிந்து பட்டையில் தேடினார். புள்ளிகள் அடியில், மண்ணில் இருந்தன. அண்ணன் வடத்தைப் பிடித்தபடியே கத்தினான்: "இன்னும் அரைச் சுத்து இழுங்கப்பா, பட்டை போட்ட அம்மா பாக்கணும்!" ஊரே இழுத்தது. கெம்பம்மா அந்தக் கோணல் புள்ளியை விரலால் தொட்டுப் பார்த்தார். ஆச்சாரிதான் பக்கத்தில் நின்றவர்களிடம் எல்லாம், அது யார் குத்தியது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

போகிறவர்களுக்கு: காலை பஸ்ஸில் கிளம்பினால் மாரண்டஹள்ளி போய்ச் சாயங்காலம் திரும்பலாம். தண்ணீர் கையில் இருக்கட்டும், வழியில் வெயில் கொளுத்தும். எந்தப் பட்டறைக்கு அளவு கொண்டுபோனாலும் விரல் கழித்தாயிற்றா இல்லையா என்று முதலில் சொல்லிவிடுங்கள். திருநாளுக்கு எங்கள் ஊருக்கு வந்தால் தேரின் பின்பக்க வலது சக்கரத்தைப் பாருங்கள். நாலு புள்ளி இருக்கும். அடியில் போயிருந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள், அரைச் சுற்று இழுத்துக் காட்டுவார்கள்.