முறையில்லாத மாமா

என் தங்கச்சி நீதிபதி பதவிக்கு விண்ணப்பித்திருந்தாள். இந்தப் பிரெஞ்சு ஊரில், எங்கள் ஆட்கள் நிறைந்த பார்க் எக்ஸ்டென்ஷனில் வளர்ந்தவள், இப்போது டவுன்டவுனில் சட்டத்தரணி. தெரிவுக் குழுவின் நேர்முகத்துக்குப் போய் வந்த அன்று அவள் முகத்தில் ஈயாடவில்லை.

நீதிமன்றத்தில் வழக்குள்ள உறவினர் எவரும் தனக்கு இல்லை என்று அவள் எழுதிக் கொடுத்திருந்தாள். குழு அவளுடன் வேலை செய்கிறவர்களை விசாரித்திருக்கிறது. அதில் ஒரு பிரெஞ்சுக்காரி, "அவளுடைய மாமா மரக்கறிக் கடை வைத்திருக்கிறார், கடைக் கட்டடத்தின் சொந்தக்காரனோடு வழக்காம், பாவம்" என்று வெள்ளை மனதோடு சொல்லிவிட்டாள். தங்கச்சி பொய் சொல்லிவிட்டாள் என்றல்லவா குழு நினைக்கும்!

அவர் எங்களுக்கு எந்த முறையிலும் மாமா இல்லை. அப்பா இறந்த குளிர்காலத்தில் அரிசி மூட்டையோடு எங்கள் மாடிப்படி ஏறி வந்தவர். அன்றிலிருந்து மாமா. எங்கள் ஆட்களுக்கு மூத்த ஆண் என்றால் ஒன்றில் மாமா, இல்லாவிட்டால் அண்ணை. பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் அம்மா வாயிலேயே போட்டிருப்பார். இதை எந்தப் பிரெஞ்சில் விளங்கப்படுத்துவது?

"சொந்தமில்லை எண்டு சொன்னனீதானே?" என்று கேட்டேன்.

"சொன்னனான். ஆனா அவரின்ரை வழக்கு என்னட்டை வந்தா விலகுவன் எண்டும் சொன்னனான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கேக்காததை ஏனடி சொன்னனீ?"

"ஆரோ ஒருத்தர் எண்டு சொல்ல வாய் வரேல்லை அக்கா. அவர் தோக்கிறதை என்னாலை பாக்கேலாது. பேந்து எப்பிடி நடுவிலை இருக்கிறது?"

கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. இவளை விட்டால் வேறு யாரை அந்தக் கதிரையில் இருத்துவார்கள் என்று நினைத்தேன். பெருமையில் அழுகை வந்தது, அழுதேன்.

முடிவு வருவதற்கு முன் ஒரு சனிக்கிழமை இருவரும் கடைக்குப் போனோம். நடந்ததை மாமாவிடம் நான் முன்னமே சொல்லியிருந்தேன். என் வாய் சும்மா கிடக்காதே. "வா பிள்ளை" என்று கறிவேப்பிலையை அள்ளிப் பையில் போடுகிற மனிதர், அன்று கடை நிறையச் சனம் நின்றதைப் பார்த்துவிட்டு, முன்பின் தெரியாத வாடிக்கையாளருக்கு வணக்கம் சொல்வதுபோல, "போன்ஜூர், மதாம்" என்றார். ஒரு கணம் திகைத்தவள், பிறகு விளங்கிக்கொண்டு, "மெர்சி, மொஸ்யூ" என்று பையை வாங்கினாள்.

காருக்குள் ஏறியதும் கண்ணைத் துடைத்தாள்.

"மாமாவின்ரை முகம் வாடிக் கிடக்கு, அக்கா. திரும்பிப் போய், சாப்பிட்டவரோ எண்டு கேட்டுக்கொண்டு வாங்கோ. நான் கேட்டதெண்டு சொல்லாதேங்கோ."