அம்மா மட்டும் விளையாடிய விளையாட்டு

அம்மா கட்டிலில் சாய்ந்தபடி, கண்களை மறைத்த ஒரு கறுப்புக் கருவியோடு, இடது கையைக் காற்றில் நீட்டிப் பருத்தி எடுத்த மத்தியானம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பக்கவாதத்தில் அவளுக்கு வலது பக்கம் விழுந்துபோயிருந்தது. “ஏலே, காய் வெடிச்சுக் கெடக்கு. மடி இல்லாம எங்கன போடச் சொல்லுத?” என்றாள். தம்பி சிரித்துக்கொண்டே மறுநாள் அந்தக் கருவிக்குள், பருத்தி போட இடுப்பில் ஒரு மடியும் கட்டிக் கொடுத்தான்.

தம்பி பெங்களூரில் வீடியோ கேம் செய்யும் கம்பெனியில் இருந்தான். டி.வி.யில் விளையாடும் கேம் பெட்டியோடு தனியாக வாங்கி இணைத்து, தலையில் மாட்டிக்கொள்ளும் கருவி அது. மாட்டினால் அது காட்டும் இடத்துக்குள்ளேயே நிற்பதுபோல இருக்குமாம். விளாத்திகுளம் பக்கம் இருந்த எங்கள் கரிசல் காட்டில் அப்போது சோலார் தகடுகள் நின்றன. பழைய காட்டை அம்மாவுக்காகக் கருவிக்குள் உண்டாக்கினான். அதையே முழு விளையாட்டாகச் செய்யலாமா என்று கேட்டபோது கம்பெனியில் மறுத்துவிட்டார்கள்.

“அவிய சொல்லுததும் நியாயந்தான்க்கா. பெட்டி வச்சிருக்கவன்லயே கொஞ்சப் பேருதான் இத வாங்குதான். அவ்வளவு பேருக்காக யாரு பாடுபடுவா? வெளையாட்டு இல்லன்னு ஆளு வாங்கல. ஆளு இல்லன்னு வெளையாட்டு வரல. யாராச்சும் முதல்ல எறங்கணும்லா.”

வேலையை விட்டுவிட்டு அவனே இறங்கினான். கோவில்பட்டி வீட்டு மாடியில் உட்கார்ந்து செய்தான். விளையாடிப் பார்த்தவள் அம்மா ஒருத்திதான். “பருத்தி எடுக்கையில தரையில வெடிப்பு இம்புட்டு அகலமா இருக்காதுல. சித்திரையிலதான் அப்படி வாயப் பொளக்கும்” என்று திருத்துவாள். வேலை முடியும் தறுவாயில், அந்தக் கருவியை இனிமேல் தயாரிக்கப் போவதில்லை என்று அதைச் செய்தவர்கள் அறிவித்துவிட்டார்கள். தம்பி என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். அன்று பார்த்து அம்மா கேட்டாள்: “ஏலே, மத்தவியளும் நம்ம காட்டப் பாப்பாவளா?”

“பாப்பாவம்மா” என்றான். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், ஒரு வாய்கூட உண்ணவில்லை.

ஐப்பசி மழை இறங்கிய வாரத்தில் அம்மா போய்விட்டாள். பிறகு விளையாட்டை வெளியிட்டான். வாங்க ஆளில்லை. இப்போது சென்னையில், கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள் எழுதுகிறான். போன தீபாவளிக்கு வந்தவனிடம், “நம்ம காட்ட எனக்கும் ஒரு தடவ காமிலே” என்றேன். பழைய பெட்டி பழுதாகிவிட்டது, புதிய பெட்டியில் இந்தக் கருவி சேராது என்றான்.

“அதுல மழ மட்டும் வைக்கலக்கா. ‘எப்பம்ல மழ பெய்யும்’னு அம்மா கேட்டுக்கிட்டே இருந்தா. கடைசியா வைக்கலாம்னு இருந்தேன்.”

துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். நான் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.