சாலம்மாளின் மாடும் இரண்டு கயிறுகளும்

கிணற்றில் விழுந்த சினைமாட்டை ஒற்றைக் கையால் தூக்கியவள் தான் என்று விஜயலட்சுமி டீச்சர் சொல்லிக்கொள்வாள். கேட்பவர்கள் வாயைப் பிளந்தால், "சரி, கையால இல்ல, வாயால" என்று சிரித்தபடி இறங்கி வருவாள்.

இடஒதுக்கீட்டு மறியல் நடந்த வருஷம் அது. வடக்கனந்தல் போகும் சாலைக்குப் புளியமரங்கள் பந்தல் போட்டிருந்த காலம். கணக்குப் பாடம் நடத்தப் போய்க்கொண்டிருந்த அவளுடைய பஸ்ஸுக்கு முன்னால், மறியலை நடத்திய ராஜாங்கத்தின் ஆட்கள் ஒரு மரத்தைச் சாய்த்தார்கள். அந்தச் சத்தத்தில் மிரண்டு, சாலையோரம் மேய்த்துக்கொண்டிருந்த சாலம்மாளின் மாடு ஓடிப்போய்க் கிணற்றில் விழுந்தது. தீயணைப்பு வண்டி வரலாமென்றால், வழியில்தான் மரம் கிடக்கிறதே!

"இந்த ஒரு மாட்ட நம்பித்தான் எங்க வூட்ல அடுப்பு எரியுது" என்று சாலம்மாள் மாரில் அடித்துக்கொண்டாள்.

உள்ளூர்க்காரன் அம்மாசி உள்ளே குதித்து, மாட்டின் வயிற்றைச் சுற்றி இரண்டு வடங்களைக் கட்டினான். ஒன்றை மறியல்காரர்கள் பிடித்தார்கள். "இவனுங்க பக்கத்துல நிக்க மாட்டோம்" என்று பஸ்ஸில் வந்தவர்கள் மற்றதை எதிர்க்கரைக்குக் கொண்டுபோனார்கள்.

பாதிக் கிணறு வரை மாடு சுலபமாக ஏறியது. மேலே வரவரக் கயிறுகள் இரு பக்கமும் கிடையாகப் படுத்துக்கொண்டன. எவ்வளவு இழுத்தும் ஒரு சாண் நகரவில்லை.

"இன்னாது, மாடு கனம் ஜாஸ்தி ஆயிக்கினே போவுது?" என்றான் ராஜாங்கம்.

விஜயலட்சுமிக்குக் கரும்பலகை ஞாபகம் வந்தது. ஒரே புள்ளியிலிருந்து எதிரெதிராக ஓடும் இரண்டு அம்புக்குறிகள். 'இது எதுக்கு டீச்சர்?' என்று பிள்ளைகள் கொட்டாவி விடும் வெக்டர் பாடம்.

"கனம் அதேதான். நீங்க அவங்கள இழுக்கிறீங்க, அவங்க உங்கள இழுக்கிறாங்க. மாட்ட யாருய்யா தூக்கறது?"

மாட்டைத் தண்ணீருக்கே இறக்கச் சொன்னாள். மாடு பூட்டிக் கவலை ஓட்டி நீர் இறைத்த காலத்துக் கல்தூண்கள் ஒரு பக்கம் ஆளுயரத்துக்கு நின்றன, மேலே குறுக்குக்கட்டை. "ரெண்டு கயித்தையும் அது மேல போட்டு, எல்லாரும் ஒரே பக்கமா இழுங்க."

"இவங்களோடயா?" என்று பஸ்ஸில் வந்த தீனதயாளன் முறைத்தார்.

"மாடு எந்தக் கட்சின்னு கேட்டுச் சொல்லட்டுமா சார்?"

வந்தார்கள். ஆனாலும் இரு கூட்டத்துக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கும் இடைவெளி. வடம் நேர் மேலே விறைத்தது. மாடு வந்தது. கரையில் கால் ஊன்றியதும் ராஜாங்கத்தின் வேட்டியில் சாணி போட்டது. அன்று இரு கூட்டமும் சேர்ந்து செய்த இரண்டாவது காரியம், சிரித்தது.

இப்போது அந்தச் சாலையில் புளியமர நிழல் இல்லை. கதை மட்டும் இருக்கிறது. போன பொங்கலுக்கும் சொன்னாள். "வாயாலதான் தூக்கினேன்" என்று முடித்தபோது, பக்கத்தில் கரும்பு கடித்துக்கொண்டிருந்த சாலம்மாள் சக்கையைத் துப்பினாள்.

"வாயாலயா? நடுவுல யாரும் நிக்க மாட்டேன்னப்போ, பூந்து கயித்தப் புடிச்சது நீங்கதான டீச்சரம்மா? உள்ளங்கையக் காட்டுங்க, கயிறு அறுத்த தழும்பு இன்னும் கீது."