காற்று அடிக்கிற பக்கம்

ஆள்காட்டி விரலை நாக்கில் நனைத்து உயரத் தூக்கிப் பிடித்தாள் சிவந்தி. காற்று கடலிலிருந்து வந்தது. கருவாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு, தன் மேல் பட்ட காற்று வேறு யார் மேலும் படாமல் நேரே குட்டிச்சுவரில் போய் முட்டுகிற மூலையாகப் பார்த்து உட்கார்ந்தாள். திருவொற்றியூர் மார்க்கெட்டில் இப்போது அவளுக்கு நிரந்தர இடம் கிடையாது. காற்று எங்கே தள்ளுகிறதோ அங்கே.

அவள் மூக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். காட்டுப்பள்ளியில் நிற்கிற கப்பலில் இன்றைக்கு என்ன குழம்பு என்று இங்கிருந்தே சொல்லிவிடும் மூக்கு அது. சரி, இதில் உப்பு கொஞ்சம் தூக்கல்தான். ஆனால் எந்த வஞ்சிரம் நேற்றையது, சுற்றியிருக்கிற எந்த ரசாயனக் கம்பெனி எந்தப் புகைக்குழாயைத் திறந்திருக்கிறது என்பதைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வாள். அதில் கலப்படமில்லை.

நாற்றம் என்ற சொல்லுக்கு அவள் கூசியதே கிடையாது. மீன்கூடையோடு பஸ்ஸில் ஏறியவளை ஒரு கண்டக்டர் இறங்கச் சொன்னபோது, இருந்த இடத்தை விட்டு அசையாமல் கேட்டாள்: "ரோட்ல நாறுற மீனு, ராத்திரி உன் தட்டுல வுழுந்தா மட்டும் மணக்குதா நைனா?" பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் விசிலை ஊதிவிட்டு முன்பக்கம் போய் நின்றுகொண்டார்.

அந்தச் சிவந்திக்குத்தான் குடலில் கட்டி வந்தது. வெட்டி எடுத்தவர்கள், இடது பக்க வயிற்றில் ஒரு வாசல் வைத்து அதன் மேல் ஒரு பையை ஒட்டினார்கள். இனிமேல் கழிவு அந்த வழியாகத்தான். பையைக் கழற்றவும் மாட்டவும் நர்ஸ் சொல்லிக் கொடுத்தபோது சிவந்தி கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பைக்குக் குடித்தனக்காரி என்று பேர் வைத்தது அவள்தான். "வாடகையும் தர மாட்டா, காலியும் பண்ண மாட்டா. நாலு பேரு இருக்கசொல்லோதான் சத்தம் போடுவா." இதைக்கூட ஜெரினாவிடம் மட்டும்தான் சொன்னாள். அதே மார்க்கெட்டில் எலுமிச்சையும் கொத்தமல்லியும் விற்கிற ஜெரினாவுக்குத் தவிர வேறு யாருக்கும் பையைப் பற்றித் தெரியாது என்பது அவள் நம்பிக்கை.

அப்புறம் மருந்து ஏற்றினார்கள். சோறு துருப்பிடித்த ஆணியாக ருசித்தது. ஐஸைத் தொட்டால் விரல் நுனியில் மின்சாரம் பாய்ந்தது. மீன்காரி ஐஸைத் தொடாமல் என்ன செய்வாள்? கருவாட்டுக்கு மாறினாள். கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: "ஐசத் தொட்டா கரண்டு அடிக்குதும்மா."

மருந்து முடிந்து ஒரு மழைக்காலமும் போய்விட்டது. ஐஸ் இப்போது வெறும் ஐஸ்தான். கருவாட்டை மட்டும் அவள் விடவில்லை. அதன் நெடிக்குள் ஒளிந்துகொள்ளலாம்.

"இன்னாக்கா, உனுக்கு இன்னுமா கரண்டு கட் ஆவல?" என்பாள் ஜெரினா.

"நீ உன் கொத்தமல்லிக்குத் தண்ணி தெளி."

பஸ்ஸை விட்டாள். கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றையும் விட்டாள். விட முடியாத ஒன்று வந்தது. எர்ணாவூரில் அண்ணன் மகள் ஜெயஸ்ரீக்கு வளைகாப்பு. "அத்த வந்து மொதக் காப்பு போடலேன்னா நான் கையவே நீட்ட மாட்டேன்" என்று போனில் சொல்லிவிட்டாள் அந்தப் பெண். அவள் பிறந்ததும் கையில் வாங்கியவள் சிவந்திதான்.

குடித்தனக்காரி வாயைத் திறக்கக்கூடாது என்று முந்தின நாளிலிருந்தே சிவந்தி பட்டினி. புதுப் பை, அதன் மேல் துணிச்சுற்று, அதற்கும் மேலே பவுடர், தலையில் முழம் முழமாக மல்லிகை. துணைக்கு ஜெரினா.

மாடியில் ஒற்றை அறை வீடு. பெண்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சிவந்தி ஜன்னலோரமாக ஒண்டிக்கொண்டாள். கூப்பிட்டதும் எழுந்து, வேப்பங்குச்சியை வளைத்துக் கட்டிய முதல் காப்பை எடுத்துக்கொண்டு குனிந்தாள். அப்போதுதான் அது வந்தது. அழுகின முட்டை நாற்றம். ஒருத்தி முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். "அய்யே, இன்னாடி இது கலீஜா நாறுது?" என்றாள் இன்னொருத்தி.

சிவந்தியின் கை தானாக வயிற்றுக்குப் போயிற்று. காப்பும் கையுமாகக் கால்களையெல்லாம் தாண்டி வெளியே ஓடி, படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள்.

பின்னாலேயே வந்த ஜெரினா கேட்டாள்: "ஒழுவுதாக்கா? தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்தாள். காய்ந்துதான் இருந்தது. ஆனால் அவள் தன் விரலை நம்பவில்லை. "மானம் பூட்ச்சு ஜெரினா. கூட்டத்துக்கு ஆவாத ஒடம்பு இது. இத்தத் தூக்கிக்கினு வந்தேன் பாரு." ஊரிலுள்ள குழாயையெல்லாம் இனம் கண்ட மூக்குக்கு, இப்போது உலகத்தில் ஒரே ஒரு நாற்றம்தான் தெரிந்தது.

சுவரைப் பிடித்துப் பிடித்து ஜெயஸ்ரீ இறங்கி வந்தாள். அத்தைக்கு இடது பக்கமாக, பை இருக்கிற பக்கமாகவே, மெல்ல உட்கார்ந்தாள். சிவந்தி பதறிப்போய் விரலை நனைத்து உயர்த்தினாள்.

"அந்தாண்ட போடி. என் மேல பட்ட காத்து வவுத்துப் புள்ளைக்கு ஆவாது."

ஜெயஸ்ரீ நகரவில்லை. அந்த ஈர விரலைப் பிடித்துக் கீழே இறக்கினாள். வெறுங்கையை அத்தையின் மடிமேல் நீட்டினாள்.

"அது கம்பெனிக்காரன் தொறந்து வுட்ட காத்து அத்தே. நீ எயுந்து வந்தப்புறமும் உள்ள அதே நாத்தந்தான் கீது. உன் பைய ஒண்ணியும் சொல்லாத."