திருவிருந்துக்கு முந்திய சனிக்கிழமை

எங்கள் கோவிலில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. அதற்கு முந்திய சனிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் வீதிப் பெண்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்க்கொண்டிருப்பார்கள். புதிதாகக் குடிவந்த யாராவது அந்த முகங்களைப் பார்த்தால் எங்கேயோ செத்தவீடு என்றுதான் நினைப்பார்கள். விஷயம் அதுவல்ல. மனத்தாங்கலை வைத்துக்கொண்டு அப்பத்தையும் திராட்சரசத்தையும் தொடக் கூடாது என்று போதகர் சொன்னதை எங்கள் பெண்கள் சட்டமாகவே ஆக்கிவிட்டிருந்தார்கள். போகிறவர் கதிரையில் இருக்கமாட்டார். நின்றபடியே, "உங்களிலை எனக்கு ஒரு மனவருத்தம் இருந்தது, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்பார். "என்னையும் மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று வீட்டுக்காரி உடனே சொல்லவேண்டும். இருப்பது, தேத்தண்ணி குடிப்பது, ஊர்க்கதை பேசுவது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

என்ன மனவருத்தம் என்று மட்டும் கேட்கக் கூடாது. தெரிந்தால் தெரிந்தது, தெரியாவிட்டால் தெரியாமலே போகட்டும். அந்த விதியை யார் போட்டாரோ, எங்களைப் போன்ற பெண்களை நன்றாக அறிந்தவராகத்தான் இருக்கவேண்டும்.

இந்தச் சனிக்கிழமைகளில் நான் பேர் எடுத்தவள். அடுத்த வீட்டுக் கோழியைக் கலைத்தபோது சொன்ன ஒரு சொல், கொடியில் கிடந்த யாருடையவோ சேலையைத் தள்ளிவிட்டு என் துணியைக் காயப்போட்டது, எதையும் விடமாட்டேன். தேடிப் பிடித்துப் போய் மன்னிப்புக் கேட்பேன். "உம்மைப் போலத் தாழ்மை ஆருக்கு வரும்" என்று போதகரின் மனைவி ஒருமுறை சொன்னதை நினைத்து நினைத்து ஒரு கிழமை குளிர்ந்துபோய்த் திரிந்தேன். என் கணவர் துறைமுகக் கந்தோரில் வேலை செய்தவர், அதிகம் பேசாத மனிதர். "நீர் சின்னப் பாவமாப் பாத்து எடுக்கிறீர் போல" என்று அவர் ஒருநாள் சொன்னார். பகிடி என்று எடுத்துக்கொண்டேன்.

வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்த காலம் அது. எங்கள் மகளுக்கு ஒன்பது வயது. சின்னதில் போலியோ வந்து இடது கால் மெலிந்துபோனது. இரும்புச் சட்டம் பூட்டிய சப்பாத்துப் போட்டு, தடி ஊன்றி நடப்பாள். எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், பின்னால் ஒரே கிணறு. அந்த வீட்டு அக்காவின் பிள்ளைகள் கலியாணம் முடித்து லிங்கநகர்ப் பக்கம் போய்விட்டார்கள். அவர்தான் என் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆசுபத்திரிக்கும் வீட்டுக்கும் நடந்தவர். காலுக்கு எண்ணெய் போட்டு உருவிவிட்டவரும் அவர்தான். எனக்குக் கூடப்பிறந்த சகோதரி இல்லை. இருந்தாலும் இவரைவிட நெருக்கமாக இருந்திருப்பாள் என்று நான் நினைக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை அந்த அக்கா வந்து எங்கள் வாசலில் நின்றார். குசினியில் தேங்காய் வறுத்துக்கொண்டிருந்த நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

"உங்களிலை எனக்கு ஒரு மனவருத்தம் இருந்தது பிள்ளை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்களுக்குள் என்ன மனவருத்தம்? அந்தச் சிரிப்பில் விதியை மறந்தேன்.

"என்னிலை உங்களுக்கென்ன கோவம் அக்கா? இடியப்ப உரலைத் திருப்பித் தரேல்லை எண்டோ?"

"அதை விடுங்கோ பிள்ளை."

"இல்லை, சொல்லுங்கோவன். நான் ஒண்டும் நினைக்கமாட்டன்."

அவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நாளைக்குத் திருவிருந்தை வைச்சுக்கொண்டு பொய் சொல்ல ஏலாது" என்றார். பிறகு சொன்னார்.

"பிள்ளைக்குக் காய்ச்சல் காய்ஞ்ச அண்டைக்கு நீங்கள் அவளைப் படுக்கவைச்சிட்டு கோவில் அறுப்புப் பண்டிகைக்குக் கேக் விக்கப் போனீங்கள். அண்டைக்கே ஆசுபத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் அந்தக் கால் தப்பியிருக்கும் எண்டு நான் மனசுக்குள்ளை உங்களைக் குற்றம் சொல்லிக்கொண்டே இருந்தனான். இவ்வளவு வருசமும். அதுக்குத்தான்."

நான் சொல்லவேண்டிய பதில் எல்லாருக்கும் தெரிந்த பதில். அது வாயில் வரவில்லை. "தேத்தண்ணி வைக்கிறன்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனேன். தேங்காய் கருகியிருந்தது. நான் திரும்பி வெளியே வரவில்லை. அக்கா சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லிமுடியாது. முன்னமே கொண்டு வந்திருந்தாலும் காலைக் காப்பாற்றியிருக்க முடியாது என்று டாக்குத்தர் தெளிவாகச் சொல்லியிருந்தார். அதை நான் கேட்டவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன், கேட்காதவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன். இந்த அக்காவுக்கே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஓம், ஓம் என்று தலையாட்டிய மனுசி! தன் மனச்சுமையைக் கொண்டுவந்து என் வாசலில் இறக்கிவைத்துவிட்டுத் தான் நிம்மதியாகத் திருவிருந்துக்குப் போகப்போகிறாவாக்கும் என்று பொருமிக்கொண்டே கருகிய சட்டியைத் தேய்த்தேன்.

மறுநாள் கோவிலில் எல்லாரும் எழுந்து முன்னால் போனபோது நான் எழும்பவில்லை. பாட்டுப் புத்தகத்தில் ஏதோ பக்கம் தேடுகிறவளைப் போலக் குனிந்துகொண்டிருந்தேன். கணவர் ஒருமுறை பார்த்தார். ஒன்றும் கேட்காமல் போனார். அக்கா நடுவழிவரை போனவர், நான் இருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தார். அப்படியே நின்றார். பிறகு முழந்தாளிடப் போகாமல் தன் இடத்துக்கே திரும்பி வந்து இருந்துவிட்டார். கோவில் முழுக்கப் பார்த்தது.

பின்னேரம் கிணற்றடியில் சந்தித்தோம். அவர் வந்தது எனக்காகத்தான், வாளியில் தண்ணீர் ஏற்கெனவே நிரம்பியிருந்தது.

"உங்களுக்கு மனம் லேசாயிட்டுது. இனி நான் என்ன செய்யிறது?" என்று பாய்ந்தேன்.

"லேசாயிருந்தால் கோவிலிலை நடுவழியாலை திரும்பி வந்திருப்பனோ பிள்ளை?"

அந்தக் குரலில் வாதம் ஒன்றும் இல்லை. அவர் பதிலுக்குச் சண்டைக்கு வந்திருந்தால் நானும் கத்திவிட்டுப் போயிருப்பேன். வரவில்லை. என் வாயிலிருந்துதான் நான் எதிர்பாராதது வந்தது.

"நீங்கள் நினைச்சதை நானும் ஒவ்வொரு நாளும் நினைக்கிறனான் அக்கா."

அதுவரை யாருக்கும் சொல்லாததைச் சொன்னேன். காய்ச்சல் வந்த அன்று காலை மகளுடைய நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. கேக் மேசைக்கு நான்தான் பொறுப்பு, நான் போகாவிட்டால் இன்னொருத்தி நின்று நல்ல பேர் எடுத்துவிடுவாள் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அதற்காகத்தான் போனேன். டாக்குத்தர் சொன்னது அவளுடைய காலுக்கு விளக்கம், என் மனதுக்கு அல்ல. ஜெபத்தில்கூட அந்த இடம் வந்ததும் தாண்டிப் போய்விடுவேன். கோழியையும் சேலையையும் தூக்கிக்கொண்டு வீடு வீடாகத் திரிந்ததும் இந்த ஒன்றின் பக்கம் கண் போகாமல் இருக்கத்தான்.

அக்கா அழுதார். எதற்கெடுத்தாலும் அழுகிற எனக்குக் கண்ணீர் வரவில்லை.

"என்னையும் மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று ஒரு நாள் பிந்திச் சொன்னேன். "ஆனால் இதுக்கு நான் ஆரிட்டை மன்னிப்புக் கேக்கிறது அக்கா?"

"பிள்ளையிட்டைக் கேளுங்கோ. வேறை ஆரிட்டை?"

பொழுதுபடுவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று நேரே வீட்டுக்குள் போனேன். மகள் காலை நீட்டி வைத்துக்கொண்டு கணக்குச் செய்துகொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் நின்றேன். நான் நின்ற விதத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. சனிக்கிழமைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளை.

"இண்டைக்கு ஞாயிற்றுக்கிழமையெல்லோ அம்மா?" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். நெற்றி சுட்டதை, கேக் மேசையை, நல்ல பேரை, ஒன்றையும் ஒளிக்கவில்லை. அவள் பென்சிலைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"அதாலை கால் இப்பிடி வரேல்லை எண்டு டாக்குத்தர் சொன்னவரெல்லோ?"

"ஓம்."

"அப்ப அது பரவாயில்லை." சிறிது யோசித்தாள். "ஆனால் அதுக்குப் பிறகு நீங்கள் என்னை ஒண்டுக்கும் விடுறேல்லை. அறுப்புப் பண்டிகைக்கு விடுறேல்லை. கடற்கரைக்கு விடுறேல்லை. பள்ளிக்கூடத்தாலை எல்லாரும் கடல் தாண்டி மூதூருக்கு லோஞ்சியிலை போகேக்கை எனக்கு வயித்துக்குத்து எண்டு ரீச்சருக்குச் சொன்னீங்கள். எனக்கு வயித்துக்குத்து இல்லை."

நான் ஒரே ஒரு நாளைத்தான் இரகசியமாகத் தோண்டிக்கொண்டிருந்தேன். அந்த நாளுக்காக என்னைத் தண்டிப்பதாக நினைத்துக்கொண்டு அவளைத்தான் வீட்டுக்குள் வைத்திருந்தேன். அந்த வருடங்களில் அது எனக்குக் குற்றமாகத் தெரியவில்லை, அதற்குக் கவனம் என்று பேர் வைத்திருந்தேன்.

"அதுக்கும் மன்னிச்சுக்கொள் பிள்ளை" என்றேன், அவசர அவசரமாக.

எந்தச் சனிக்கிழமையிலும் எந்த வீட்டிலும் பதிலுக்காக நான் காத்திருந்ததில்லை. கேட்டு வாய் மூடுமுன் பதில் வந்துவிடும். இவள் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள்.

"காய்ச்சலுக்கு மன்னிச்சிட்டன். லோஞ்சிக்கு யோசிக்க வேணும்."

அடுத்த சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு இறங்குதுறைக்குப் போனேன். மூதூர் லோஞ்சி நிறையச் சனம், மீன் கூடைகள், வெறும் தயிர்ச் சட்டிகளோடு ஊர் திரும்புகிற வியாபாரிகள். துறைக்கும் லோஞ்சிக்கும் நடுவில் ஒரு பலகை. பலகைக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒன்றுமில்லை. நான் கையை நீட்டினேன்.

"பிடிக்க வேண்டாம்" என்றாள்.

கையை மடக்கிக்கொண்டேன். அதைவிடக் கஷ்டமான காரியம் ஒன்றை நான் என் வாழ்க்கையில் செய்ததில்லை. அவள் தடியை ஊன்றி, இரும்புக் காலைத் தூக்கி வைத்து, பலகை ஆட ஆட, மெதுவாகப் போனாள். லோஞ்சியில் இருந்த மூதூர்க்காரர் ஒருவர் எழும்பி அவளுக்கு இடம் விட்டார். அவள் இருந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு, கரையில் நின்ற என்னைப் பார்த்தாள்.

"நான் இன்னும் யோசிச்சு முடியேல்லை, அம்மா" என்றாள், எல்லாருக்கும் கேட்க.

"ஓம் பிள்ளை, நல்லா யோசி" என்று சொல்லிவிட்டு, நானும் பலகையில் கால் வைத்தேன்.