வீட்டில் அப்படி ஒருவர் இல்லை

ருவைஸ் எண்ணெய் ஆலை வேலைக்கு எட்டுப் பத்திரங்கள் கேட்டிருந்தார்கள். ஏழு என்னிடம் இருந்தன. எட்டாவது, சொந்த நாட்டு பொலிஸ் நற்சான்றிதழ்.

அப்போது நான் வளைகுடாவில், புஜைரா நகரில், எண்ணெய்த் தாங்கிகள் நிற்கும் ஒரு யார்டில், பத்திரங்களைக் கோவைகளில் ஒழுங்குபடுத்தும் வேலையில் இருந்தேன். ஒப்பந்தமும் விசாவும் முடிய இரண்டரை மாதம் இருந்தது. அதைப் புதுப்பிக்கமாட்டார்கள் என்று மனேஜர் வாயால் சொல்லிவிட்டார். அதற்குள் நற்சான்றிதழ் வந்தால் ருவைஸ். வராவிட்டால் விசாவை ரத்துச் செய்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஊரில் எனக்கு வேலை இல்லை. முன்பு ஏழு ஆண்டுகள் ஒரு பத்திரிகையின் செய்தி மேசையில் இருந்தேன். அந்தப் பத்திரிகை இப்போது இல்லை.

விண்ணப்பத்தை ஒன்லைனில் அனுப்பினேன். கொழும்பில் பதிவாகும், பிறகு எங்கள் பகுதி பொலிஸ் நிலையத்துக்குப் போகும், அங்கிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார். கிளிநொச்சிக்குக் கிழக்கே உள்ள அந்த வீட்டில் அக்கா மட்டும் இருக்கிறாள். ஆரம்பப் பாடசாலை ஆசிரியை.

மூன்றாவது கிழமை அக்கா போன் எடுத்தாள். குரலில் ஒரு வெற்றி இருந்தது.

"ரெண்டு பேர் வந்தவங்கள். சிவில் உடுப்பு. உன்ர பேரைச் சொல்லிக் கேட்டவங்கள்."

"நீ என்ன சொன்னனி?"

"அப்பிடி ஒருத்தரும் இஞ்ச இல்லை, எனக்குத் தெரியாது எண்டு சொல்லிப்போட்டன். நல்லாச் சமாளிச்சு அனுப்பிட்டன்."

இப்படி ஒரு விசாரணை வரும் என்று நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. அரசாங்க வேலை தானே, தானாக நடக்கும் என்று நினைத்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் ஒருவரைத் தேடி யார் வந்தாலும் முதல் பதில் 'இல்லை' என்பதுதான். அம்மா அப்படித்தான் சொன்னாள், அயலட்டை அப்படித்தான் சொன்னது. அந்தப் பதிலால் தப்பியவர்கள் இருக்கிறார்கள். போர் முடிந்து இத்தனை வருஷமாகியும் அந்தப் பதில் எங்கள் வாயில் முன்னாலேயே நிற்கிறது.

"அக்கா, அது நான் கேட்ட சேர்டிபிகேட்டுக்கு வந்த பொலிஸ்."

"அப்ப யூனிஃபோம் போட்டு வந்திருக்கலாமே? சேர்டிபிகேட்டுக்கு வந்தவன் நீ எப்ப பேப்பரை விட்டனி, இப்ப ஆரோட கதைக்கிறனி எண்டு ஏன் கேக்கிறான்?"

பத்து நாள் கழித்து மின்னஞ்சல் வந்தது: விசாரித்ததில், குறித்த முகவரியில் அப்படி ஒருவர் வசிக்கவில்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.

என் அறையில் இன்னொருவர் இருந்தார். கீழக்கரைக்காரர், துறைமுகம் போகும் ரோட்டில் மொபைல் கடை வைத்திருந்தார். என்னைச் சிலோன்காரரே என்றுதான் கூப்பிடுவார்.

"எங்க ஊர்ல பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்க வருவாங்க, சிலோன்காரரே. சேர் எடுத்துப் போட்டு, டீயக் கொடுத்து, என் புள்ளைக்குக் கல்யாணம் பேசி வச்சிருக்கு, சீக்கிரம் முடிச்சுக் கொடுங்க சார்னு எங்கம்மா கதையெல்லாம் சொல்லும். ஒங்க அக்கா என்னடான்னா ஆளையே இல்லன்னுட்டாங்க. ஒங்களுக்குக் கல்யாணம் ஆகாதது நல்லதாப் போச்சு, பொண்டாட்டின்னு ஒருத்தி இருந்தா அவளும் ஒங்கள இல்லன்னு சொல்லிருப்பா."

"உங்கட ஊரில ஆளைத் தேடி வந்து கொண்டுபோனாலும் ஆள் திரும்பி வருவான், பாய்," என்றேன்.

அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டு சார்ஜரைத் தேடினார்.

செய்தி மேசையில் கற்ற ஒரே தொழில் கேள்வி கேட்பது. வந்தவர்களைப் பற்றி அக்காவிடம் மீண்டும் மீண்டும் கேட்டேன். ஒருவர் தடித்தவர், நல்ல தமிழ். மற்றவர் வாயே திறக்கவில்லை. கையில் ஃபைல் இருந்ததா? ஒரு கொப்பி இருந்தது. அடையாள அட்டை காட்டினார்களா? நான் கேக்கேல்லை, கேக்கிற ஆக்களோ அவை என்றாள். சான்றிதழுக்கு வந்தவர்கள் என்று நினைத்தால் எல்லாம் பொருந்தியது. வேறு எதற்கோ வந்தவர்கள் என்று நினைத்தாலும் பொருந்தியது.

பொலிஸ் மீதும் அரச அலுவலகங்கள் மீதும் முறைப்பாடு கேட்க ஓர் அலுவலகம் இருக்கிறது. மக்களுக்குப் பதில் சொல்லும் நிர்வாகம் வேண்டும் என்று போருக்குப் பிறகு மாகாணத்திலும் ஒரு கிளை திறந்திருந்தார்கள். அதன் இணையப் பக்கத்தில் மூன்று மொழியிலும் படிவம் இருந்தது. அக்கா வேண்டாம் என்றாள்.

"பொலிஸுக்கு மேல பொலிஸ். ரெண்டும் ஒரே கன்ரீன்ல தான் தேத்தண்ணி குடிக்கும். எழுதினா வீட்டு இலக்கம்தான் இன்னொரு ஃபைலில ஏறும்."

அவளுக்குத் தெரியாமல் அனுப்பினேன். மூன்று பக்கம் எழுதியதை ஒரு பக்கமாக வெட்டினேன். விசாரணைக்கு வந்தவர்கள் தங்களை அறிமுகப்படுத்தவில்லை, நோக்கத்தைச் சொல்லவில்லை, அதனால் என் சகோதரி அச்சத்தில் தவறான பதில் சொன்னார், மறுபடி விசாரிக்கவேண்டும். என் கைபேசி இலக்கத்தையும் கொடுத்தேன்.

ஒன்பது நாள் கழித்து, மத்தியானச் சாப்பாட்டு நேரம், சைட் ஒஃபிசில் இருந்தபோது இலங்கை இலக்கம் ஒன்று அடித்தது. அறியாத குரல், நிதானமான தமிழ். என் முழுப் பெயரையும் பிழையில்லாமல் சொன்னது.

"கதைக்கிறது அவர்தானோ?"

"நீங்க ஆர்?"

"நீங்கள் பொலிஸ் சம்பந்தமா ஒரு முறைப்பாடு அனுப்பியிருக்கிறீங்கள். அதைப் பற்றிக் கொஞ்சம் கதைக்கலாமோ?"

எந்த அலுவலகம் என்று அவர் சொல்லவில்லை.

"நான் அப்பிடி ஒண்டும் அனுப்பேல்லை," என்றேன்.

"நிச்சயமா?"

"ஓம். நீங்க ஆளை மாறி எடுக்கிறீங்கள்."

"சரி. அப்பிடியே குறிச்சுக்கொள்ளுறன்."

வைத்த பிறகுதான் யோசித்தேன். என் கைபேசி இலக்கம் புதிது, வாங்கி ஒரு மாதம்தான். அதை நான் எழுதிக்கொடுத்த ஒரே இடம் அந்தப் படிவம்.

அறைக்கு வந்து சொன்னேன். கடைக்காரர் கையிலிருந்த போனைக் கீழே வைத்தார். "அக்காவும் தம்பியும் ஒரே மில்லுச் சரக்கு," என்றார். "அவங்களாவது ஒங்கள இல்லன்னாங்க. நீங்க ஒங்களையே இல்லன்னுட்டீங்க. கலாஸ், கதை முடிஞ்சுது."

மறுநாள் அந்த அழைப்பு வந்த இலக்கத்துக்கு எடுத்தேன். ஒரு பெண் எடுத்து அலுவலகத்தின் பெயரைச் சொன்னார். கோவையைப் பார்த்துவிட்டு வந்து, முறைப்பாட்டாளர் தான் முறைப்பாடு செய்யவில்லை எனத் தெரிவித்துள்ளார், மூடப்பட்டது என்று வாசித்தார். நான்தான் அந்த முறைப்பாட்டாளர் என்றேன். அதை எப்படி நம்புவது என்று கேட்டார். நியாயமான கேள்வி. வீட்டார் ஒருவர் அடையாளத்தோடு நேரில் வந்து, நான் அந்த வீட்டுக்காரன் என்று காட்டினால் மறுபடி திறக்கலாம் என்றார். விசாவில் முப்பத்தொரு நாள் இருந்தது.

அக்காவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். முதலில் ஏசினாள். பிறகு, "நானே என்ர காலால நடந்து போய் உள்ளுக்குப் பேர் குடுக்கோணுமோ?" என்றாள். இரண்டு நாள் தொலைபேசியை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் பாடசாலைக்கு லீவு போட்டுவிட்டுப் போனாள்.

அவள் கொண்டுபோனது ஒரு படம். போர் முடிந்து மீளக்குடியேறியபோது ராணுவம் வீடு வீடாக வந்து, குடும்பத்தைச் சுவரோடு நிற்கவைத்து எடுத்த படம். அம்மா, அக்கா, நான். என் கையில் இலக்கம் எழுதிய மட்டை. யார் யார் இந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று சோதனைக்கு வந்தால் காட்டவேண்டும் என்பதற்காக ஒரு பிரதியை எங்களிடம் கொடுத்திருந்தார்கள். அம்மா செத்த பிறகும் அக்கா அதை எறியவில்லை. அந்த வீட்டில் நான் வசித்ததற்கு முத்திரையோடு இருந்த ஒரே சாட்சி அதுதான். அந்த அலுவலகத்தில் அதைப் போட்டோக்கொப்பி எடுத்தார்களாம்.

பன்னிரண்டு நாளில் பொலிஸ் மறுபடி வந்தது. இம்முறை சீருடை, ஓர் இளம் கொன்ஸ்டபிள், தமிழர். அக்கா கேற்றைத் திறந்தபடியே, "ஓம், என்ர தம்பிதான். புஜைராவில இருக்கிறான்," என்று அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டாளாம். என் இலக்கத்தையும் கொடுத்தாள். விசா முடிய நான்கு நாள் இருக்கையில் சான்றிதழ் கிடைத்தது. எனக்கு எதிராக ஒன்றும் இல்லை என்று இரண்டு வரி.

ருவைஸ் வந்து ஆறாவது கிழமை, ஞாயிற்றுக்கிழமை காலை, உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். இலங்கை இலக்கம் அடித்தது. இந்த முறை எடுத்து, "ஓம், நான்தான்," என்றேன்.

"அண்ணை, உங்கட பொலிஸ் ரிப்போட் செய்த கொன்ஸ்டபிள். அக்கா நம்பர் தந்தவ. ஒண்டுமில்லை, போய்ச் சேந்திட்டீங்களோ?"

"சேந்திட்டன்."

"என்ர மச்சான் ஒருத்தன் வெல்டிங் படிச்சவன். அங்க ஏதும் இடம் இருந்தாச் சொல்லுங்கோ."

சிரிப்பு வந்தது. இத்தனை சந்தேகமும் ஒரு மச்சானில் வந்து முடிந்ததே என்று நினைத்தேன். விபரத்தை அனுப்பச் சொன்னேன். வைக்கும் முன் உபசாரமாக, "முதல் தரம் அக்கா உங்களை அலைக்கழிச்சிட்டா. உங்களோட வந்த மற்றவருக்கும் சொல்லுங்கோ," என்றேன்.

"மற்றவரோ? முதல் தரமும் நான் தனியத்தான் அண்ணை வந்தனான். அக்காவைக் காணேல்லை, பள்ளிக்கூட நேரம், கேற்றில பூட்டு. பக்கத்து வீட்டில கேட்டன். அப்பிடி ஒருத்தரும் அங்க இல்லை எண்டு சொன்னவை. அதைத்தான் எழுதினனான்."

யாரிடம் விசாரித்தார்கள் என்று அந்த நிராகரிப்பு மின்னஞ்சலில் இருக்கவில்லை. செய்தியாக வந்திருந்தால் அந்த இடத்தில் சிவப்பால் வட்டம் போட்டிருப்பேன்.

கையைத் துடைத்துவிட்டு அக்காவுக்கு எடுத்தேன்.

"முதல் வந்த ரெண்டு பேரும் என்னத்தில வந்தவங்கள்?"

"மோட்டச்சைக்கிள். ஏன் இப்ப?"

"சும்மா."

அவள் எழும்பிப் போனாள். பின்னால் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"சைக்கிள் நம்பரைக் கலண்டருக்குப் பின்னால எழுதி வச்சிருக்கிறன்," என்றாள். "வாசிக்கவோ?"

"வேண்டாம் அக்கா. போனில வேண்டாம்."